பகீரதனுக்குத் திறவாத கதவுகள்

ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் இருக்கிற பக்கம் போய் யாரை வேண்டுமென்றாலும் கேட்டுப் பாருங்கோ, ஒரு தைப்பொங்கலன்று பகீரதன் என்கிற மனுசனுக்கு உலகத்திலுள்ள கதவெல்லாம் திறவாமல் போன கதையை, ஏதோ போன கிழமை பஸ் பிந்தி வந்த கதை போலத்தான் சொல்லுவார்கள்; ஒருவரும் கண்ணை அகட்ட மாட்டார்கள்; "ஓம், அவருக்குக் கதவு திறக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை முறித்துப் பார்த்து முற்றலோ பிஞ்சோ என்று யோசித்துக்கொண்டு நிற்பார்கள். ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் வரும், அதில் பாதி தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லுகிற பொய். நான் ஒருவரையும் காப்பாற்றப் போவதில்லை. அவனுக்கு நல்லாய் வேணும் என்பதுதான் என்னுடைய கட்சி, அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்குகிறேன்.

சுகிர்தா கொக்குவிலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓடப் பழக்கினவள். புதுப் பிள்ளைகளை முன்னுக்கு இருத்தித் தான் பின்னுக்கு இருந்துகொண்டு, "கையைப் பாராதையும், றோட்டைப் பாரும்" என்று காதுக்குள் கத்திக் கத்தி, யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்று விடாமல் சுற்றினவள். அவளுக்குத் தெரியாத முடக்கு இல்லை, அவளைத் தெரியாத நாய் இல்லை. அப்படிப்பட்டவளுக்குக் கனடாவிலிருந்து சம்பந்தம் வந்தது. பகீரதன் வந்தான், நல்லூரடியில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டினான், கொஞ்ச நாள் புது மாப்பிள்ளையாகச் சொந்தக்காரர் வீடுகளில் கோழிக்கறி சாப்பிட்டான், திரும்பிப் போனான். அவளைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அனுமதி வந்து சேரும்வரைக்கும் இரண்டு வருசமாகச் சந்தையில் கண்டவர் கோயிலில் கண்டவர் எல்லாரும் "என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ" என்று கேட்டுக் கேட்டே அவளை அரைவாசி ஆக்கிப்போட்டார்கள். போகிற நாள் வந்தபோது, சொந்த ஊரில் விருந்தாளி போல இருந்து அலுத்தவள், அழாமல்தான் விமானம் ஏறினாள்.

விமானம் ரொறன்ரோவில் இறங்கின நாள் செவ்வாய்க்கிழமை. பகீரதன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அவனுடைய தமக்கை மலரிடமிருந்து போன் வந்தது. மலர் என்பவள் அந்தக் குடும்பத்தின் சட்டப் புத்தகம். எந்தக் கிழமையில் நகம் வெட்டலாம், எந்தத் திசையில் படுக்கலாம் எல்லாம் அவள் சொன்னால்தான். செவ்வாய்க்கிழமையில் புதுப் பொம்பிளை முன்வாசலால் ஏறக்கூடாது என்றாள் மலர். இப்போதைக்குப் பக்கத்துக் கதவால், நீ வாடகைக்கு இருக்கிற அந்த நிலக்கீழ் பேஸ்மென்றுக்குள் இறக்கிவிடு, பக்கத்துக் கதவால் வருவது வருகைக் கணக்கில் சேராது, வெள்ளிக்கிழமை நானே வந்து நிறைகுடம் வைத்து, ஆலாத்தி எடுத்து, மேல்வீட்டு முன்வாசலால் முறையாக ஏற்றுகிறேன் என்றாள். அப்படித்தான் கொக்குவில் சுகிர்தா, குப்பைத் தொட்டிகளுக்கும் பனி தள்ளுகிற சவலுக்கும் இடையால் குனிந்து, கனடாவில் தன் புருசன் வீட்டுக்குள் இறங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. அடுத்த வெள்ளி மலருக்கு வேலை. அதற்குப் பிறகு மார்கழி பிறந்துவிட்டது, மார்கழியில் நல்ல காரியம் ஒன்றும் செய்யக்கூடாது. தை பிறக்கட்டும் பார்ப்போம் என்றார்கள்.

இதற்கிடையில் பகீரதன் அந்தப் பக்கத்துக் கதவின் பூட்டைக் கழற்றிப்போட்டு, உள்ளேயிருந்தும் திறப்புப் போட்டால்தான் திறக்கிற பூட்டு ஒன்றைப் பூட்டினான். திறப்பு ஒன்றே ஒன்றுதான், அது அவனுடைய ஜக்கெற் பொக்கெற்றுக்குள் இருந்தது. அவன் பிறவிக் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு பயம் உலாவிக்கொண்டிருந்த காலம் அது: ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட பொம்பிளை எயார்போட்டிலிருந்தே வேறொருத்தனுடைய காரில் ஏறிப் போய்விட்டாளாம், இன்னொருத்தி வந்த கிழமையே வேலைக்கென்று போய்த் திரும்பி வரவில்லையாம் என்று, கண்டவர் ஒருவரும் இல்லை, கேட்டவர் ஊர் முழுக்க. கொஞ்ச நாளைக்கு வெளியில் விடாதை, ஆக்களோடு பழக விட்டால் மாறிப்போவாள் என்று மலர் சொன்னாள். உமக்கு ஊர் தெரியாது, குளிர் தெரியாது, தொலைஞ்சு போவீர், உள்ளுக்கு இருந்தால் சூடு, பாதுகாப்பு என்று பகீரதன் அவளுக்குச் சொன்னான். யாழ்ப்பாணத்து முடக்கெல்லாம் தெரிந்தவளைப் பார்த்துச் சொன்னான்.

பேஸ்மென்றின் யன்னல் நிலமட்டத்தில் இருந்ததால் அவளுக்குத் தெரிந்த கனடா எல்லாம் சப்பாத்துகளும் கார்ச் சில்லுகளும்தான். மேல்வீட்டில் வீட்டுக்காரர் அன்னலிங்கத்தாரும் மனைவியும் இருந்தார்கள், கோயிலில் முன்வரிசையில் நிற்கிற ஆட்கள், தேவாரம் பாடினால் கண்ணீர் வரும்; சுகிர்தா தும்புக்கட்டைப் பிடியால் முகட்டில் தட்டினால் அவர்கள் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். புருசன் பெண்சாதி விசயத்தில் நாங்கள் தலையிடப்படாது என்பது அவர்களின் ஞாயம். சொந்தக்காரர் வருவார்கள், பகீரதனோடு வருவார்கள், அவனோடு போவார்கள். கதவைப் பார்ப்பார்கள், பூட்டைப் பார்ப்பார்கள், "பிள்ளை நல்லாய் மெலிஞ்சிட்டுது, இஞ்சத்தைச் சாப்பாடு ஒத்துவரேல்லைப் போல" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார்கள். தெரியாதவர் ஒருவரும் இல்லை. இதை நான் திரும்பவும் சொல்லுகிறேன், ஒருவரும் இல்லை.

தைப்பொங்கல் காலமை சுகிர்தா ஒன்றே ஒன்று கேட்டாள். பக்கத்துக் கதவுக்கு வெளியில் அந்தப் படியில் ஒரு சின்ன அடுப்பை வைத்து, சூரியனைப் பார்த்து ஒரு பானை பொங்கட்டோ என்று. பகீரதன் சிரித்தான். பனிக்குள் பொங்கினால் சனம் பகிடி பண்ணும், உள்ளுக்கு அடுப்பில் பொங்கும் என்று சொல்லிவிட்டு, வெளியில் போய்த் திறப்பைத் திருப்பிவிட்டு வேலைக்குப் போனான். அவள் உள்ளுக்குப் பொங்கினாள். சூரியன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பானையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பதென்று தெரியாமல் அந்தக் குசினிக்குள் அதைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நின்றாள், கடைசியில் ஏதோ ஒரு பக்கம் பார்த்து அடுப்பில் ஏற்றினாள், பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அப்போதுதான் அவளுக்கு வயிறெரிந்தது. அவள் போய் அந்தக் கதவில் கையை வைத்து, கத்தாமல், அழாமல், ஓடப் பழகுகிற பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"என்னை உள்ளுக்கு வைச்சுப் பூட்டினவனுக்கு இனி ஒரு கதவும் திறக்கப்படாது."

அவள் கை வைத்த கதவிலிருந்துதான் அந்தச் சொல் பலிக்கத் தொடங்கியது. பின்னேரம் பகீரதன் வந்தான், திறப்பைப் போட்டான், திருப்பினான், பூட்டு விட்ட சத்தம் கேட்டது, கதவு அசையவில்லை. தோளால் இடித்தான், காலால் உதைத்தான், பனி உறைந்திருக்கும் என்று சுடுதண்ணீர் கேட்டு மேல்வீட்டுக்குப் போனான், மேல்வீட்டு வாசலும் அவன் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. திரும்பி வந்து கத்தினான். உள்ளேயிருந்து சுகிர்தா, திறப்பும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு விரலால் பிடியைத் தொட்டாள், கதவு திறந்தது. அவன் உள்ளுக்கு வந்து, என்ன பூட்டு இது, கள்ளப் பூட்டு, நாளைக்கு மாற்ற வேணும் என்று சொல்லிக்கொண்டு கக்கூசுக்குப் போகப் போனான், கக்கூசுக் கதவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு, வேறு வழியில்லாமல், அந்த வீட்டில் முதல்முதலாக அவளிடம் ஒன்றைக் கேட்டான். "ஒருக்காத் திறந்துவிடும்" என்றான். அவள் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் அவன் கைக்குக் கார்க் கதவு வழிவிடவில்லை. பஸ்காரன் கதவைத் திறந்தான், பகீரதன் காலைத் தூக்கினதும் கதவு கண்ணை மூடுவது போல மூடிக்கொண்டது, பஸ்காரன் திரும்பத் திறந்தான், அது திரும்ப மூடியது, பின்னுக்கு நின்றவர்கள் குளிரில் ஏசத் தொடங்கினார்கள். தானாகத் திறக்கிற கடைக் கதவுகள் அவனைக் கண்டால் ஆள் நிற்பதாகவே எடுக்கவில்லை. வேறு யார் திறந்து பிடித்தாலும் பிடித்த கையை மீறிச் சாத்தியது. சுகிர்தா தொட்டால் மட்டும் நல்ல பிள்ளையாக விலகி நின்றது. பூட்டுத் திருத்துகிற தமிழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் பூட்டைக் கழற்றினார், பிறகு கதவையே கழற்றிச் சுவரோடு சாத்திவைத்தார். பகீரதன் வெறும் நிலையால் நடக்கப் போய் ஒன்றுமில்லாத காற்றில் மூக்கை அடித்துக்கொண்டான். சுவரை உடைத்து ஓட்டை போட்டுப் பார்ப்போமோ என்று அன்னலிங்கத்தார் பயந்து பயந்து கேட்டதற்கு, போட்டால் அந்த ஓட்டைக்கும் வாசல் என்றுதான் பேர் வரும் ஐயா, வீண் வேலை என்று சொல்லிவிட்டு, பூட்டுக்காரர் கதவைத் திரும்பப் பூட்டிக்கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். அவர்களுக்கு எதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் புதினம். முதல் கிழமை விடுப்புப் பார்க்க வந்தார்கள், கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார்கள், "எங்கை தம்பி, ஒருக்கா அந்தக் கதவைத் தள்ளிக் காட்டும்" என்று கேட்டு, அவன் தள்ள, அது அசையாமல் நிற்க, "ஓம் ஓம், உண்மைதான்" என்று தலையாட்டினார்கள். இரண்டாம் கிழமை வானொலியில் அதைப் பற்றி நேயர்கள் கதைத்தார்கள். ஒருவர் இது சனி மாற்றம் என்றார், ஒருவர் இது குளிர் நாட்டு நோய், வெயில் வந்தால் மாறும் என்றார், பேர் சொல்லாத ஒரு பெண் மட்டும், "என்ர வீட்டுக் கதவுக்கும் அப்பிடி ஒண்டு செய்யலாமோ" என்று கேட்டாள், அந்த அழைப்பை வெட்டிப்போட்டுப் பாட்டுப் போட்டார்கள். மூன்றாம் கிழமை அது ஒரு வழமையாகிப் போனது. கல்யாணம் பேசப் போகிற இடங்களில் பொம்பிளை வீட்டார், மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்டு முடித்துவிட்டு, சாடையாக, "தம்பி, அந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடும், காத்து வருது" என்பார்கள். மாப்பிள்ளை எழும்பிப் போய்ச் சாத்தி, திரும்பத் திறந்து காட்டினால்தான் பலகாரத் தட்டு வெளியில் வரும். அந்த மாசியில் ஸ்காபரோ முழுக்க, எத்தனையோ பேஸ்மென்றுகளில், ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமல், திறப்புகள் ஆண்களின் பொக்கெற்றிலிருந்து இறங்கிக் கதவுக்கு உள்பக்கத்து ஆணியில் வந்து தொங்கின. பெண்கள் சிலர் கோயில் வீதியில் சுகிர்தாவின் காதுக்குள் வந்து வழி கேட்டார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை அக்கா, வயிறெரிந்து ஒரு சொல்லுச் சொன்னேன் என்றாள் அவள். அவர்கள் தங்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் அவளுக்கு என்ன தீர்வு சொன்னார்கள் தெரியுமோ? கூடப் போ என்றார்கள். நீதானே பெண்சாதி, ஒரு கதவைத் திறந்துவிட்டால் உன்ர கை தேய்ஞ்சா போகும் என்று மலர் சொன்னாள், அன்னலிங்கத்தார் சொன்னார், கோயில் ஐயர் சொன்னார். அவள் போனாள். அவனோடு தொழிற்சாலைக்குப் போனாள், ஆண்கள் கக்கூசுக்கு வெளியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்துவிட்டாள், சும்மா நிற்கிற பெண்ணைக் கண்ட மேற்பார்வையாளர் அவளுக்கும் ஒரு வேலை கொடுத்தார். காருக்குக் கதவு திறப்பவளே காரை ஓடட்டும் என்று முடிவாகி, அவள் கார் ஓடப் பழகி, லைசென்சும் எடுத்தாள். அவள் முன்னுக்கு இருந்து ஓட, அவன் பக்கத்தில் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தான். வீட்டில் குளிர்ப்பெட்டிக்குள் இருக்கிற தயிருக்கும் அவன் அவளைத்தான் கேட்க வேணும். "ஒருக்காத் திறந்துவிடும்" என்பான். அவளுக்குக் காது கேட்கும், நல்லாய்க் கேட்கும். ஆனால் கேட்காதது போலக் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருப்பாள், அவன் இரண்டாம் தரம் கேட்பான், மூன்றாம் தரம் கேட்கும்போது குரல் உடையும், அப்போதுதான் எழும்புவாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோசம் இருந்தது. பொய் ஏன் சொல்ல வேணும், பாயசம் குடித்தது போல இருந்தது.

அந்தச் சந்தோசம் கோடைக்குள் புளித்துப் போனது. ஒரு நாள் பின்னேரம் நல்ல வெயில். அவன் உள்ளுக்கு நித்திரை, அவள் தனியாகத் தெருமுனை மட்டும் நடந்து பார்ப்போம் என்று வெளிக்கிட்டாள். யாரும் பக்கத்தில் இல்லாமல், கையை வீசிக்கொண்டு, பெரிய மேப்பிள் மரத்துக்கு அப்பாலும் போய்விட்டாள். வீட்டில் அவன் எழும்பி, அவளைக் காணாமல், கதவில் மண்டையை முட்டிக் குழறியிருக்கிறான். அப்போது மட்டும் மேல்வீட்டுக்குக் காது கேட்டது. அன்னலிங்கத்தாரின் மனைவி மலருக்குப் போன் பண்ண, மலர் வேலையை விட்டிட்டு ஓடிவந்து, நடுத்தெருவில் சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: வீடு தீப்பிடிச்சால் என்ர தம்பி என்னண்டு வெளியில வருவான், ஒரு உயிரை உள்ளுக்கு விட்டிட்டு உலாத்தப் போறியே, உனக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ என்று. அதற்குப் பிறகு கோயிலில், கடையில், தொழிற்சாலையில் கண்ட கண்ட இடமெல்லாம் ஒரே சொல்லுத்தான்: பிள்ளை, ஒரு உயிர் உன்ர கையில. பூட்டின வீட்டுக்குள் அவள் இருந்தபோது தீ எரியாது என்று நினைத்தார்களாக்கும். ஒரு நாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, அவனைக் கதவோடு கட்டினவள் தன்னையும் அதே கதவோடுதான் கட்டிவைத்திருக்கிறாள் என்று. தெருமுனை மட்டும் தனியாக நடக்க முடியாதவள், அவனைப் பழிவாங்கி என்ன கண்டாள்? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கார்த்திகை திரும்பி வந்தபோது ஐயரும் மலரும் சேர்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொம்பிளையை இன்னும் முன்வாசலால் ஏற்றவில்லை! பக்கத்துக் கதவு கணக்கில் சேராது, அப்படியென்றால் புது மருமகள் இன்னும் வீட்டுக்கு வரவே இல்லை, வராதவளை வைத்துக் குடும்பம் நடத்தினால் வாசல் கோபிக்காமல் என்ன செய்யும்? ஊர் முழுக்க நெற்றியில் அடித்துக்கொண்டது, அட, இவ்வளவு நாளும் இது தெரியாமல் போச்சே என்று. பூட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. தை பிறந்து முதல் வெள்ளி நாள் வைத்தார்கள். அன்னலிங்கத்தார் பெரிய மனதோடு தன்னுடைய முன்வாசலைத் தந்தார். ஏற்றி முடிந்ததும், மன்னித்துவிட்டேன் என்று சுகிர்தா வாயால் ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாம் தீரும் என்றார் ஐயர். சுகிர்தா உடனே சம்மதித்தாள். ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: அந்த பேஸ்மென்றுக்கு வந்து வடை கடித்த ஆட்கள் எல்லாரும் வர வேணும். அதற்கென்ன, வருவார்கள் என்று மலர் சந்தோசப்பட்டாள். வெள்ளி காலமை எல்லாரும் பந்தலடியில் நின்றபோது சுகிர்தா தன்னுடைய சூட்கேசைக் கொண்டுபோய்க் காரின் பின்பெட்டியில் வைத்தாள். கொக்குவிலில் அவளிடம் ஓடப் பழகின ஒருத்தி மொன்றியலில் இருந்தாள், அவளுக்கு முதல் நாளே சொல்லியாயிற்று.

அப்படி ஒரு குளிர் அந்த வருசம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நாதஸ்வரக்காரரின் உதடு சீவாளியோடு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்ரிக் மாவிலை, நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் படியில் வைத்து, சனம் தெருவரைக்கும் நிறைந்து, பட்டுக்கு மேல் ஜக்கெற் போட்டுக்கொண்டு விறைத்தபடி நின்றது. கூறைச் சேலையும் பனிச் சப்பாத்துமாகச் சுகிர்தா, பக்கத்தில் வேட்டியோடு நடுங்கிக்கொண்டு பகீரதன். அவன் முன்னால் சாத்திக்கொள்ளாமல் இருக்க, அவள் ஒரு கையால் அன்னலிங்கத்தாரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மலரும் அன்னலிங்கத்தாரின் மனைவியும் ஆலாத்தித் தட்டைச் சுற்றினார்கள், வாழைப்பழத் துண்டுகளில் திரிகள் எரிந்தன. வலது காலைத் தூக்கி வையுங்கோ என்றார் ஐயர்.

சுகிர்தா காலைத் தூக்கவில்லை. "மச்சாள், செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கதவால வந்தது வருகையில சேராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, அதாலதானே இப்ப ஏத்துறம்" என்றாள் மலர்.

"அப்ப நான் இன்னும் இந்த வீட்டுக்கு வரேல்லை. வராத வீட்டை விட்டுப் போறதுக்கு நான் ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

தவில் நின்றது. சுகிர்தா பகீரதனின் பக்கம் திரும்பினாள். அவனுக்குத்தான் எல்லாருக்கும் முதல் விளங்கியது. ஒரு வருசமாக அந்தக் கையைப் பார்த்துச் சீவித்தவன் அவன். அவன் அழுதான். நான் பயத்திலதான் பூட்டினனான் சுகிர்தா, நீர் விட்டிட்டுப் போயிடுவீர் எண்ட பயம் என்று மெல்லச் சொன்னான், அது உண்மை. தெரியும் என்று அவளும் சொன்னாள், அதுவும் உண்மை. பிறகு அவனைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நான் இப்ப இந்தக் கதவில இருந்து கையை எடுக்கப் போறன். நீங்கள் உள்ளுக்கோ, வெளியிலயோ? எந்தப் பக்கம் நிக்கப் போறியள் எண்டு நீங்களே சொல்லுங்கோ. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, நான் உங்களிட்டைக் கேக்கிறன்."

வெளியில் நின்றால் இனி ஒரு வீடும் அவனை எடுக்காது, இந்தக் குளிரில் பொழுது படும்வரைக்கும் தாங்க மாட்டான். உள்ளுக்குப் போனால் இனி வெளி இல்லை. அவன் தமக்கையைப் பார்த்தான், தமக்கை ஐயரைப் பார்த்தாள், ஐயர் நிறைகுடத்தைப் பார்த்தார். கடைசியில் மலர்தான் வாயைத் திறந்தாள், "உள்ளுக்குப் போ தம்பி, உள்ளுக்கு எண்டால் சூடு, பாதுகாப்பு" என்று, சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது தனக்கே கேட்டு, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பகீரதன் வலது காலைத் தூக்கி வைத்து உள்ளுக்குப் போனான். சுகிர்தா கையை எடுத்தாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அன்னலிங்கத்தாருக்கு அப்போதுதான் விசயம் பிடிபட்டது, அது தன்னுடைய வீட்டு முன்கூடம், முன்ஹோல் என்று. பிள்ளை, பிள்ளை, கீழையெண்டாலும் கொண்டுபோய் விட்டிட்டுப் போ, ஒருக்காத் திறந்துவிடு பிள்ளை என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனிக்குள் ஓடி வந்தார். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் பகீரதன் அந்த முன்ஹோலில்தான் இருக்கிறான், ஒரு மூலையில் திரைச்சீலை கட்டி, ஒரு வாளி வைத்து. மலர் வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் சோறு கொண்டுவந்து கொடுத்து, வாளியை எடுத்துக்கொண்டு போகிறாள். அன்னலிங்கத்தார் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் அவனோடு நாலு வார்த்தை காலநிலை பற்றிக் கதைத்துவிட்டு, "தம்பி கொஞ்சம் மெலிஞ்சிட்டார்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போகிறார்கள். வேறு என்ன செய்வது, பழகிவிட்டது.

சுகிர்தா நிற்கவில்லை. நின்ற சனம் வழிவிட்டது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கூறைச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்குள் ஏறி, கிழக்கே போகிற பெருந்தெருவில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை, யாரும் அவளை ஒன்றும் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை, றோட்டு நேரே கிடந்தது. வழிநெடுக அவள், பாவம் என்று ஒரு சொல் நெஞ்சுக்குள் எங்கேயாவது கிடக்கிறதோ என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள், ஏனென்றால் அவள் அப்படி வளர்ந்த பிள்ளை, தேடிப் பார்க்க வேணும் என்று அவளுக்குத் தெரியும். பாதி வழியில் இருக்கிற கிங்ஸ்ரன் தாண்டும்வரைக்கும் தேடினாள். அப்படி ஒன்றும் கிடக்கவில்லை.